இன்ஸ்பெக்டரின் சொந்தத் துப்பாக்கி

அன்று ஸ்டேஷனில் இருந்தவர்கள்: ரைட்டராக இருந்த ஏட்டு கலைச்செல்வி அக்கா, கான்ஸ்டபிளாகிய நான், லாக்கப் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வங்கிக் காவலாளி செபஸ்தியான், தேர்தல் பறக்கும் படையின் அலுவலர், அவருடன் வந்த வீடியோகிராபர். இல்லாதவர்கள்: சப்-இன்ஸ்பெக்டரும் மற்ற காவலர்களும். அவர்கள் எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிருந்தார்கள். இன்ஸ்பெக்டரும் இல்லாதவர்தான். பட்டு வேட்டி சட்டையில் தம்முடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார் என்பது உண்மை. ஆனால் அன்று அவருக்கு விடுப்பு. ஆகவே கணக்குப்படி அவர் இல்லை.

இதை எழுதச் சொன்னவர்கள் என்னுடன் வேலை பார்த்த இளைய காவலர்கள். மறுபடியும் தேர்தல் வருகிறது. லைசென்ஸ் வைத்திருப்பவர்களிடமிருந்து துப்பாக்கிகளை வாங்கி ஸ்டேஷனில் வைக்கும் வேலை தொடங்கிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் கேட்டான்: "அண்ணே, போலீஸ்காரர் சொந்தமா துப்பாக்கி வெச்சிருந்தா அவரும் ஒப்படைக்கணுமா? நமக்கு விலக்கு கிடையாதா? நீங்க அப்படி ஒரு கேஸ் பாத்தீங்களாமே?" இன்னொருவன், "நீங்க ரிட்டயர்டு ஆளு, உங்களுக்கு இன்னா பயம், எழுதுங்க" என்று ஏற்றிவிட்டான்.

எனக்கு வயது முப்பத்து நான்கு. துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி என் பைக்கை உரசியதில் முழங்கால் போயிற்று. மருத்துவக் காரணம் காட்டி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பென்ஷன் அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போது, "தம்பி, அப்பாவுக்காக வந்தியா?" என்று கேட்கிறார்கள். முதலில் விளக்கம் சொன்னேன். இப்போது ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுமை தூக்கினார். எனக்கு போலீஸ் வேலை கிடைத்த அன்று அவர் கேட்ட ஒரே கேள்வி, "துப்பாக்கிய உனுக்கே குட்த்துருவாங்களா?" என்பதுதான். பயிற்சிப் பள்ளியில் அதற்குப் பதில் கிடைத்தது. அங்கே நான் கற்றவற்றில் இன்றுவரை மறக்காதது ஒன்றுதான். சுடுவதற்கு எத்தனை தோட்டா கொடுத்தார்களோ அத்தனை வெற்று உறைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருநாள் ஒரு உறை குறைந்தது. அணி முழுவதும் மண்டியிட்டு, ஆடு மேய்வதைப் போல, அந்த மைதானத்துப் புல்லை விரலால் கோதிக்கொண்டே நகர்ந்தோம். கடைசியில் அது ஒருவனுடைய பூட்ஸுக்குள் கிடந்தது. அன்றே எனக்குப் புரிந்துவிட்டது: போலீஸ்காரனுக்குத் துப்பாக்கி சொந்தமில்லை, இரவல். அப்பாவிடம் சொன்னேன். "அப்போ நம்ம லோடு தூக்குற கொக்கி மாரிதான். மார்க்கெட்டு உட்டு வெளிய எட்த்துனு போவக் கூடாது" என்றார்.

இனி இன்ஸ்பெக்டர். பெயர் வேண்டாம். நேர்மையான மனிதர், கை சுத்தம், கோபம் மட்டும் அதிகம். யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், மின்விசிறியைப் பார்ப்பார். உலகத்தில் இரண்டே சாதி என்பது அவர் முடிவு: போலீஸ், பப்ளிக். புகார் கொடுக்க வருகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "போலீஸா, பப்ளிக்கா?" என்று கேட்பார். டீக்கடைக்காரரிடம் கேட்பார். ஒருமுறை தொலைபேசியில் தம் மச்சானைப் பற்றி யாரிடமோ, "அவன் நல்லவன்தான், ஆனா பப்ளிக்" என்று சொன்னதை நானே கேட்டேன்.

அவரிடம் சொந்தமாக ஒரு சின்ன பிஸ்டல் இருந்தது. லைசென்ஸ் வாங்கி, சொந்தப் பணத்தில் வாங்கியது. சீருடையில் இருக்கும்போது அரசாங்கத் துப்பாக்கி, சீருடை இல்லாதபோது இது. காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனால்கூட சட்டைக்குள் இடுப்பில் இருக்கும். அங்கே மீன் விற்கும் ஓர் அம்மா அவர் குனிந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "நைனா, வஞ்சிரம் இன்னா வெலன்னு கேளு, சொல்றேன். அத்த இடுப்புல வெச்சிக்கினு கேக்காத" என்றாராம். இதை அவரே பெருமையாகச் சொல்வார்.

தேர்தல் அறிவிப்பு வந்தது. எங்கள் எல்லையில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். இரும்பு வியாபாரி ஒருவர், கடல்காற்றில் துருவேறித் திறக்கவே முடியாத இரட்டைக்குழல் வைத்திருந்த முன்னாள் ஏற்றுமதிக்காரர் ஒருவர், இப்படி. அவர்களில் ஒருவர்தான் செபஸ்தியான். ராயபுரத்துக்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, சொந்தத்தில் ஒரு இரட்டைக்குழல் வாங்கி, அதோடு திருவொற்றியூரில் ஒரு வங்கி வாசலில் நின்றார். காவலாளி வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு அவரைவிட அவர் துப்பாக்கிதான் முக்கியம். துப்பாக்கி இருந்தால் வேலை உண்டு.

வங்கிக் காவலாளிகள் விலக்குக் கேட்டு மனுப் போடலாம். ஸ்டேஷன் அறிக்கையுடன் மேலே போனால் குழு ஒன்று பார்த்து அனுமதிக்கும். செபஸ்தியான் மனுவும் கொடுத்தார், துப்பாக்கியையும் கொடுத்தார். மனு இன்ஸ்பெக்டர் மேசையில் தங்கிவிட்டது. நான் நினைவூட்டியபோதெல்லாம் மின்விசிறிக்குத்தான் பதில் கிடைத்தது: "யோவ், சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். தேர்தல் முடியிற வரைக்கும் பப்ளிக் கையில துப்பாக்கி எதுக்கு?"

ஏஜென்சிக்காரர்கள் செபஸ்தியானிடம், "துப்பாக்கி வந்தா நீ வா" என்று சொல்லிவிட்டார்கள். சம்பளம் நின்றது. அவர் தினமும் காலையில் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்து, மனு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டு, துப்பாக்கியை ஒருமுறை கம்பி வழியாகப் பார்த்துவிட்டுப் போவார். கம்பி என்று சொன்னேன். துப்பாக்கிகளை வைக்க வேறு இடம் இல்லாததால், பயன்படுத்தாமல் கிடந்த லாக்கப்பில் அவற்றைப் போட்டுப் பூட்டியிருந்தோம். எங்கள் ஸ்டேஷனில் அந்த மாதம் காவலில் இருந்தவை துப்பாக்கிகள் மட்டும்தான்.

சிக்கல் என்னவென்றால், துப்பாக்கிகள் இருக்கும் இடத்துக்கு ஒரு பாரா, அதாவது காவல் ஆள், நிற்க வேண்டும். ஆட்களோ பந்தோபஸ்துக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் காலை ஒருவருமே மிஞ்சவில்லை. கலைச்செல்வி அக்கா புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவர், எதற்கும் அசரமாட்டார். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு செபஸ்தியானைப் பார்த்தார்.

"மிலிட்டரி, நீ சொம்மாதான கீற?"

"சொம்மாதாம்மா கீறேன். உங்க புண்ணியத்துல."

"அப்போ இங்கயே குந்து. யாரும் கிட்ட வராம பாத்துக்க."

"எதுக்கு காவலு?"

"துப்பாக்கிங்களுக்கு."

செபஸ்தியான் லாக்கப்பை எட்டிப் பார்த்தார். "என் துப்பாக்கிக்கு நானே காவலா?"

"பழக்கமான துப்பாக்கிதான? பேசிக்கினு இரு."

இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். மின்விசிறியை நோக்கி, "பப்ளிக்" என்றார். வேறு ஆள் இல்லாததால் சம்மதித்தார். ஒரு லத்தியை மட்டும் கொடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து, துப்பாக்கி இல்லாததால் வேலை போன மனிதர், அதே துப்பாக்கியை லத்தியால் காவல் காத்தார். அதுவும் சம்பளம் இல்லாமல். மத்தியானம் சாப்பாட்டுக்கு மட்டும் அக்கா தன் டிபன் பாக்ஸில் பாதியைக் கொடுப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் இன்ஸ்பெக்டர் ஒருநாள் விடுப்பு எடுத்தார். மச்சான் மகளுக்குத் திருவொற்றியூர் கோயிலில் காதுகுத்து, இவர்தான் தாய்மாமன் ஸ்தானம். வேட்டி சட்டை, வாடகைக் கார், சீர்த் தட்டுகள், இடுப்பில் பிஸ்டல். எர்ணாவூர் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பறக்கும் படை காரை நிறுத்தியது. சீர்த் தட்டுகளை வாக்காளர்களுக்கான பரிசோ என்று சோதித்தார்கள். தட்டில் ஒன்றும் தப்பில்லை. இன்ஸ்பெக்டர் குனிந்து தட்டை மூடியபோது சட்டை மேலேறி, பிஸ்டல் தெரிந்துவிட்டது.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் அவர்கள் ஸ்டேஷனுக்குள் வந்தார்கள். முன்னால் அலுவலர். அவருடைய வழக்கமான வேலை மீன்வளத் துறையில், வலையின் கண் அளவைச் சரிபார்ப்பதாம். மெல்லிய குரல், கண்ணாடி, கையில் ஒரு கோப்பு. பின்னால் கேமராவுடன் வீடியோகிராபர். நடுவில் எங்கள் இன்ஸ்பெக்டர். அக்காவும் நானும் எழுந்து சல்யூட் அடித்தோம். செபஸ்தியான் ஸ்டூலிலிருந்து எழுந்து அதைவிட நல்ல சல்யூட் ஒன்று அடித்தார்.

"இவர்கிட்டேயிருந்து ஒரு பிஸ்டல் கைப்பற்றியிருக்கோம்" என்றார் அலுவலர். "உங்க எல்லை. ஒப்படைக்கணும்."

"சார், இவரு எங்க இன்ஸ்பெக்டரு" என்றார் அக்கா.

"அப்படித்தான் அவரும் சொன்னார். சோதனையில நிக்கிறவங்க பாதிப் பேர் அப்படித்தாம்மா சொல்றாங்க. ஸ்டேஷன் பொறுப்பு யாரு?"

அக்கா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் பழக்கதோஷத்தில் தம் நாற்காலியில் போய் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு... நான்தாங்க சார்" என்றார் அக்கா, தப்புச் செய்தவர் போல.

"நீங்க லீவுல இருக்கீங்க சார்" என்று அலுவலர் அவரிடம் மெதுவாகச் சொன்னார். "அந்த நாற்காலி..."

"இது என் நாற்காலி."

வீடியோகிராபர் மற்ற நாட்களில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர். அவர் குறுக்கிட்டார்: "சார், அங்க வோணாம். பின்னால ஜன்னல் கீது, மூஞ்சி கருப்பா வுழுது. இப்டி இந்த பெஞ்சுக்கு வந்துருங்க." இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து, புகார் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். என் பணிக்காலத்தில் அவர் மறுப்பில்லாமல் கீழ்ப்படிந்த ஒரே உத்தரவு அதுதான்.

பிறகு வாக்குவாதம். அதை நினைவிலிருந்தே எழுதுகிறேன்.

"நான் போலீஸ். இந்தக் கட்டுப்பாடெல்லாம் பப்ளிக்குக்கு. எனக்கு விலக்கு உண்டு."

"டிபார்ட்மென்ட் குடுத்த துப்பாக்கிக்கு உண்டு சார். அது எங்க?"

"ஸ்டேஷன்ல இருக்கு. லீவுல எடுத்துட்டுப் போகக்கூடாது."

"ஏன் சார் கூடாது?"

"ரூல்."

"அரசாங்கத் துப்பாக்கியே லீவுல கூடாதுன்னா, சொந்தத் துப்பாக்கி மட்டும் எப்படி சார்?"

"போலீஸ்காரன் இருபத்துநாலு மணி நேரமும் டியூட்டிதான்யா!"

"அப்ப லீவுன்னா என்ன சார்?"

செபஸ்தியான் இருமினார். அலுவலர் திரும்பிப் பார்த்தார். "இவர் யாரு?"

"பாரா சார்" என்றேன் நான். "உள்ள இருக்கற துப்பாக்கிகளுக்குக் காவல்."

"போலீஸா?"

"இல்ல சார். பப்ளிக்."

"இவர் துப்பாக்கி எங்க?"

"உள்ள சார்."

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீடியோகிராபரிடம், "கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். "இப்போ நிறுத்துனா நடுவுல கட்டாவும் சார்" என்றார் அவர். படம் ஓடியது.

வழக்குப் போடுவதா, வாங்கி வைப்பதா என்று அலுவலர் யாரிடமோ தொலைபேசியில் கேட்டார். முதலில் வாங்கி வையுங்கள் என்று பதில் வந்தது. துப்பாக்கி வாங்குவது என் வேலை. அதற்கொரு முறை உண்டு. முதலில் குழலைத் தரையில் வைத்த மணல் வாளிப் பக்கம் திருப்ப வேண்டும். தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். குழலுக்குப் பின்னால் தோட்டா நிற்கும் அறை காலி என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். துப்பாக்கியில் பொறித்த எண்ணை உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் லைசென்ஸில் சரிபார்க்க வேண்டும். பிறகு வெள்ளைத் துணியில் பெயர் எழுதிக் கட்டி அரக்கு வைக்க வேண்டும்.

"பேர்?" என்றேன்.

"யோவ், தெரியாதா உனக்கு?"

"கேக்கணும் ஐயா." கேமரா என்னைப் பார்த்தது. அவர் பெயர் சொன்னார். தகப்பனார் பெயர் சொன்னார். "தொழில்?" என்றேன். அவர் மின்விசிறியை நீண்ட நேரம் பார்த்தார். விடுப்பில் இருக்கிறவருக்கு என்ன தொழில் என்று அவருக்கும் அந்த நிமிடம் உறுதியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

அரக்கை உருக்கும்போது அவரால் தாங்க முடியவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து வந்துவிட்டார். "முடிச்சு இப்படியாய்யா போடுவ? ரெட்டை முடிச்சு போடு. அரக்கு முடிச்சு மேல விழணும், பக்கத்துல இல்ல. நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா நிக்குமா இது?" நான் பிரித்து மறுபடி கட்டினேன். தம்மிடமிருந்து பிடுங்கிய பொருளுக்குத் தாமே மேற்பார்வை பார்த்து, சரியாகக் கட்டியதும், "ம், இது நிக்கும்" என்று திருப்திப்பட்டார்.

பிஸ்டல் லாக்கப்பில், செபஸ்தியானின் இரட்டைக்குழலுக்குப் பக்கத்தில் போயிற்று. பூட்டினோம். செபஸ்தியான் விறைப்பாக நின்று, "கவலப்படாம போங்க ஐயா. நான் கீறேன்" என்றார். கிண்டல் இல்லை. மெய்யாகத்தான் சொன்னார். காதுகுத்துக்கு நேரம் தாண்டிவிட்டிருந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் வேறு யாருடைய மடியிலோ வைத்துக் குழந்தைக்குக் காது குத்தியாயிற்று என்று மச்சானிடமிருந்து போன் வந்தது.

தம்பிகள் கேட்ட கேள்விக்கு என் பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்காகக் கொடுத்த துப்பாக்கிக்குப் போலீஸுக்கு விலக்கு இருக்கத்தான் வேண்டும். அது இல்லாமல் வேலை நடக்காது. ஆனால் அந்த விலக்கு துப்பாக்கிக்கும் வேலைக்கும் உரியது, ஆளுக்கு இல்லை. நாம் எடுக்கும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் யாரோ ஒருவர் கணக்குக் கேட்கிறார். சொந்தத் துப்பாக்கிக்குக் கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத துப்பாக்கி யார் இடுப்பில் இருந்தாலும் ஒன்றுதான். சீருடையைக் கழற்றி மாட்டிய பிறகு நாமும் பப்ளிக்தான். இதை ஒரு தாழ்வாக நான் நினைக்கவில்லை. நம்முடைய அப்பா அம்மா எல்லாரும் அதுதானே.

மறுநாள் இன்ஸ்பெக்டர் சீருடையில் வந்தார். விலக்குக் கேட்டுத் தாமும் மனுப் போடப்போவதாகச் சொன்னார். அக்கா தலையை நிமிர்த்தாமல், "ஐயா, உங்களுது மட்டும் தனியா போனா, இன்னா இது ஒண்டியா வந்துகீதுன்னு கேப்பாங்க. மிலிட்டரி மனுவும் கெடக்குது. ரெண்டையும் ஒரே கவர்ல வெச்சிரலாமா?" என்றார். பல நாளாக நகராத மனு அன்று நகர்ந்தது.

மனுவோடு ஸ்டேஷன் அறிக்கை போக வேண்டும்: மனுதாரரின் உயிருக்கு ஆபத்து உண்டா என்று விசாரித்து எழுத வேண்டும். விசாரிப்பதும் என் வேலை. இன்ஸ்பெக்டர் எதிரில் நின்று கேட்டேன்.

"உங்களுக்கு எதிரிங்க யாராவது உண்டா ஐயா?"

"இந்த லிமிட்ல பாதிப் பேர் எனக்கு எதிரிதான்யா."

"பேர் சொல்லணும் ஐயா."

ஒரு ரவுடியின் பெயரைச் சொன்னார். "அவரு புழல் ஜெயில்ல இருக்காரு ஐயா." இன்னொரு பெயர். "அவரு போன வருஷம் செத்துட்டாரு. நம்மதான் ஆஸ்பத்திரிக்கு அனுப்புனோம்." மூன்றாவதாக ஒரு பெயரைத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். மிரட்டினான் என்று சொன்னால், ஏன் வழக்குப் போடவில்லை என்று கேட்பார்கள். அவருக்கே அது தெரியும். கடைசியில் பெருமூச்சு விட்டு, "இப்போதைக்கு என் மச்சான்தான்யா. நேத்துலேர்ந்து பேச மாட்டேங்கறான்" என்றார்.

அக்கம்பக்கத்தாரையும் விசாரிக்க வேண்டும். அவர் இருந்தது போலீஸ் குடியிருப்பில். பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு, எல்லாமே போலீஸ். "அவருக்கு ஆபத்தா? தண்ணி மோட்டார் விஷயத்துல அவராலதான் எங்களுக்கு ஆபத்து" என்றார் எதிர்வீட்டுக்காரர். அதை அறிக்கையில் எழுதவில்லை. யார் யாரை விசாரித்தேன் என்பதையும், தெளிவான மிரட்டல் எதுவும் தெரியவரவில்லை என்பதையும் எழுதினேன். அவர் படித்துவிட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அந்த ஒரு விஷயத்துக்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.

உத்தரவு வந்தது. செபஸ்தியானுக்கு விலக்கு அனுமதி. இன்ஸ்பெக்டருக்கு இல்லை. மனுதாரர் காவலர் குடியிருப்பில் வசிக்கிறார், காவல் நிலையத்தில் பணிபுரிகிறார், ஆகவே அவருக்குப் போதிய போலீஸ் பாதுகாப்பு உள்ளது என்று காரணம் எழுதியிருந்தார்கள். அவர் அதை உரக்கப் படித்தார். முதல் முறையாக மின்விசிறியை விட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"நான் போலீஸ்ங்கறதாலதானேய்யா விலக்குக் கேட்டேன்? போலீஸ்ங்கறதாலயே இல்லேங்கறானே!"

"பேஜாராத்தான் கீது ஐயா" என்றார் அக்கா.

பறக்கும் படையின் வீடியோவுக்காக அவருக்கு ஒரு மெமோ வந்தது. பதில் எழுதினார். விஷயம் அத்தோடு முடிந்தது. தேர்தல் முடிந்ததும் எல்லாரையும் போல வரிசையில் வந்து, ரசீதைக் கொடுத்துப் பிஸ்டலை வாங்கிக்கொண்டார்.

செபஸ்தியான் அதற்கு முன்பே தம் துப்பாக்கியை வாங்கிவிட்டார். லாக்கப்பின் ஈரத்தில் குழலில் லேசாகத் துருப் பிடித்திருந்தது. எங்கள் மேசையிலேயே எண்ணெய் போட்டுத் துடைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, லத்தியை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, வங்கிக்கு நடந்தார். சாயங்காலம் திரும்பி வந்தார். தோளில் துப்பாக்கி இல்லை. வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"இன்னா ஆச்சுண்ணே?" என்றேன்.

"வேற ஆளு நிக்கிறான் நைனா. சின்னப் பையன். கையில விசிலு. நான் இல்லாத நாள்ல அவன விசில் குட்த்து நிக்க வெச்சிருக்காங்க. ஏஜென்சிக்காரன் சொல்றான், 'இத்தினி நாளா துப்பாக்கி இல்லாம பேங்க்ல ஒண்ணும் ஆவல. இனிமே அந்த போஸ்ட்டே கெடையாது'ன்னு. மேனேஜரு நல்ல மனுசன். பழைய ஆளுன்னு சொல்லி, அந்தப் பையன வேற கிளைக்கு மாத்திட்டு, எனுக்கு அந்த விசில் வேலைய தரச் சொல்லிட்டாரு."

"வாங்கிக்கிட்டீங்களா?"

"பின்ன? பொயப்பு ஓடணும்ல?"

சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துக் காட்டினார். பச்சை நிறப் பிளாஸ்டிக். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். "சம்பளம் எப்டி மிலிட்டரி?" என்று மட்டும் கேட்டார்.

துப்பாக்கியோடு நிற்கும் காவலாளிக்கு ஒரு சம்பளம், விசிலோடு நிற்பவருக்கு ஒரு சம்பளம். வாசல் அதேதான், வெயிலும் அதேதான். இன்ஸ்பெக்டருக்கு இந்த விவகாரத்தில் ஒரு பைசாவும் செலவாகவில்லை. செபஸ்தியானுக்கு ஆனது, அன்றிலிருந்து மாதாமாதம், நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.